சுவரை இடிப்பதற்கு முன்: பழைய சமையலறை குறித்து வாசகர் கேட்டவை

பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் பேச்சு தொடங்கியதும் வீடு பற்றிய கடிதங்கள் கூடுவது வழக்கம். இம்முறை வந்தவற்றில் பெரும்பாலானவை சேலம் நகரத்துக் கடிதங்கள், ஏற்காட்டிலிருந்தும் எழுதியிருக்கிறார்கள். கேள்விகள் பல இருந்தாலும், முன்னோர் கட்டிவைத்த வீட்டில் உள்ள சிறிய சமையலறையை இந்தக் காலத்துப் பாத்திர பண்டங்களுக்கு ஏற்ப எப்படி மாற்றுவது என்பதே அவற்றின் அடியில் இருக்கிறது. ஒரே வகையான கடிதங்களை ஒன்றாகச் சேர்த்து, சிலவற்றுக்கு விரிவாகவும் சிலவற்றுக்குச் சுருக்கமாகவும் விடை எழுதியிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, எங்களுடையது என் மாமனாரின் தந்தை கட்டிய மெத்தை வீடு. முன்கட்டில் தறி ஓடிய காலத்தில் பின்கட்டில் சமையலறையையும் அதை ஒட்டிச் சாமான் அறையையும் அமைத்திருக்கிறார்கள். சமையலறை 10 அடிக்கு 7 அடி. சாமான் அறை 5 அடிக்கு 7 அடி. மாடுலர் கிச்சன் செய்து தரும் கடையிலிருந்து வந்து பார்த்தவர், இடையிலுள்ள 7 அடிச் சுவரை எடுத்துவிட்டால் இடம் தாராளமாகிவிடும் என்கிறார். சுவரில் கை வைக்கக்கூடாது என்று மாமியார் ஒரே பிடியாக இருக்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
– ஒரு வாசகி, அம்மாப்பேட்டை

பதில்: இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் உங்கள் தலைக்கு மேலுள்ள தேக்குக் கட்டைகளுக்குத்தான் உண்டு. ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். மெத்தை வீடு என்று நாம் சொல்லும் பழைய மதராஸ் தளத்தில், ஓரடி அல்லது ஒன்றரை அடி இடைவெளியில் கட்டைகளைச் சுவருக்குச் சுவர் கிடத்தி, அவற்றின் மேல் மெல்லிய சிறு செங்கற்களை நிறுத்திவைத்துச் சாய்வு வரிசையில் சுண்ணாம்புக் கலவையால் இணைத்து, அதற்கும் மேலே செங்கல் சல்லியும் சுண்ணாம்பும் கலந்து அடித்துக் கெட்டிப்படுத்தி, கடைசியில் தட்டோடு பதித்திருப்பார்கள். கம்பி கட்டிய கான்கிரீட் தளம் போல இது நாற்புறச் சுவர்களுக்கும் சுமையைப் பகிர்ந்து கொடுப்பதில்லை. ஒவ்வொரு கட்டையும் தன் இரண்டு முனைகளும் எந்தச் சுவர்களில் நுழைந்திருக்கின்றனவோ அந்தச் சுவர்களை மட்டுமே நம்பிக் கிடக்கிறது.

கட்டைகளின் முனை இடைச்சுவருக்குள் நுழைந்திருந்தால், அந்தச் சுவரை எடுக்கும் எண்ணத்தை அத்துடன் விட்டுவிடுங்கள். கட்டைகள் அந்தச் சுவருக்கு இணையாக ஓடி, நீளச் சுவர்கள் இரண்டின் மேலும் அமர்ந்திருந்தால், இடைச்சுவர் தளத்தைத் தாங்கவில்லை என்று ஓரளவு ஊகிக்கலாம். ஆனால் அந்த ஊகத்தை வைத்துக்கொண்டு கடப்பாரையை எடுத்துவிடாதீர்கள். பின்னால் வந்தவர்கள் மொட்டை மாடியில் அதே சுவருக்கு நேர்மேலே தண்ணீர்த் தொட்டியை ஏற்றியிருக்கலாம். எங்கேனும் ஒரு கட்டை உளுத்துப்போய், அதற்கு முட்டுக் கொடுக்க அந்தச் சுவரை உயர்த்திக் கட்டியிருக்கலாம். சுவரின் கனம் நாலரை அங்குலமா ஒன்பது அங்குலமா என்று அளந்து, ஒரு பொறியாளரை வரவழைத்து மாடியையும் காட்டிய பிறகே முடிவெடுக்க வேண்டும். அலமாரி விற்க வந்தவர் அலமாரியைப் பற்றிச் சொல்வதை ஏற்கலாம். சுவரைப் பற்றி அவர் சொல்வதற்கு அவர் பொறுப்பேற்கப் போவதில்லை.

உங்கள் அளவுகளைத் தாளில் வரைந்து பார்த்தபோது, சுவரை முழுதாக எடுக்கத் தேவையே இல்லை என்று எனக்குத் தோன்றியது. 7 அடிச் சுவரின் நடுவில் 3 அடி அகலத்துக்கு, மேலே முறையான லிண்டல் (திறப்புக்கு மேலுள்ள சுவரைத் தாங்கும் குறுக்குக் கட்டை) கொடுத்து ஒரு திறப்பு மட்டும் விடுங்கள். இரண்டு பக்கமும் 2 அடி, 2 அடியாகச் சுவர் மிஞ்சும். சமையல் மேடையின் அகலமும் 2 அடிதான் என்பதால், மேடை வந்து அந்த மிச்சச் சுவரில் அழகாக முட்டி நிற்கும். நடைவழி நேராகச் சாமான் அறைக்குள் செல்லும். குளிர்சாதனப் பெட்டி, கிரைண்டர், அரிசி டிரம், மாதச் சாமான் ஆகிய நான்கும் அந்த அறைக்குப் போய்விட்டால், சமையலறையில் சமையலுக்கு மட்டுமே இடம் வேண்டியிருக்கும். திறப்பு விடுவதும் பழைய சுவரில் சாதாரண வேலை அன்று. முதலில் இரு பக்கமும் தளத்துக்கு முட்டுக் கொடுத்து, லிண்டல் பதிக்கும் அளவுக்கு மட்டும் மேலே குடைந்து, லிண்டலைப் பதித்து, அது இறுகிய பிறகே கீழே உள்ள செங்கல்லை உருவ வேண்டும். ஒரே நாளில் முடித்துத் தருகிறேன் என்று சொல்லும் மேஸ்திரியை அன்போடு அனுப்பிவிடுங்கள்.

அடுத்தது மேடை. 10 அடி நீளமுள்ள இரண்டு சுவர்களிலும் 2 அடி மேடை போட்டால் நடுவில் 3 அடிதான் மிஞ்சும். ஒருவர் நின்று சமைக்க அது போதும். உங்கள் வீட்டில் மாமியாரும் மருமகளும் ஒரே நேரத்தில் அடுப்பங்கரையில் நிற்பீர்கள் என்று கடிதத்தின் மறுபாதியிலிருந்து தெரிகிறது. ஆகவே அடுப்பும் பாத்திரம் கழுவும் தொட்டியும் வரும் பக்கத்தில் மட்டும் 2 அடி மேடையை வைத்துக்கொண்டு, எதிர்ப்பக்கத்தில் 15 அங்குல அகலத்துக்கு மெல்லிய மேடையும் அதன் கீழ் தட்டுகளும் போதும் என்பது என் கருத்து. நடைவழி 3 அடி 9 அங்குலமாகிவிடும். ஒருவர் குனிந்து பாத்திரம் எடுக்கும்போது இன்னொருவர் கொதிக்கும் குழம்புடன் பின்னால் கடந்து செல்லலாம். அந்த 15 அங்குலத் தட்டில் பொருள்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒளிந்துகொள்ள முடியாது என்பது கூடுதல் ஆதாயம். ஆழமான அலமாரியின் பின்வரிசைக்குப் போன உளுந்து டப்பா, வண்டு பிடித்த பிறகே வெளியே வருவதை எல்லா வீடுகளிலும் பார்க்கிறோம்.

மேடையின் உயரத்தைக் கடைக்காரர் பட்டியலிலிருந்து எடுக்காதீர்கள். அதிகம் சமைப்பவர் நிமிர்ந்து நின்று முழங்கையை மடக்கினால், முழங்கைக்கு ஏறக்குறைய 4 அங்குலம் கீழே காய் நறுக்கும் மேடை அமைய வேண்டும். நம் பெண்களில் பலருக்கு அது 32 முதல் 34 அங்குலத்துக்குள் வரும். அடுப்பு மேடையின் மேல் அடுப்பு இன்னும் சில அங்குல உயரம் எடுத்துக்கொள்ளும் என்பதால், பெரிய பாத்திரத்தில் கிளறுபவர் உயரம் குறைந்தவராயின் அடுப்புப் பகுதியை மட்டும் 2 அல்லது 3 அங்குலம் இறக்கிக் கட்டலாம். கல் பதிப்பவர் முகம் சுளிப்பார், பொருட்படுத்த வேண்டாம்.

இப்போது நான் முதலில் சொல்லியிருக்க வேண்டியது: தொட்டி எங்கே என்பதை முடிவு செய்த பிறகே மற்ற எதையும் முடிவு செய்ய வேண்டும். பழைய வீட்டில் பாத்திரம் கழுவும் அங்கணம் எந்தச் சுவரோரம் இருந்ததோ, அதன் தூம்பு வழியாகவே சலதாரைக்கு வாட்டம் (தண்ணீர் ஓடுவதற்கான சரிவு) கொடுத்திருப்பார்கள். அந்த வெளிச்சுவரை விட்டுத் தொட்டியை உள்சுவருக்கு நகர்த்தினால், கழிவுநீர்க் குழாய் தரைக்கடியில் ஓட வேண்டும். ஓரடிக்குக் கால் அங்குலம் வாட்டம் என்று கணக்கிட்டால்கூட, 14 அடி தூரத்துக்கு மூன்றரை அங்குலம் பள்ளம் தேவை. இந்தக் கணக்கை ஊராருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த நானே, என் வீட்டில் சன்னலோரம் அடுப்பு வரட்டும் என்ற ஆசையில் தொட்டியை உள்பக்கம் தள்ளினேன். வாட்டம் பார்க்காமல் குழாய் பதித்திருந்தார்கள். நானும் அன்று வேறு வேலையாக வெளியே போயிருந்தேன். சோற்றுக் கஞ்சியும் எண்ணெயும் சேர்ந்து குழாயை அடைத்து, இரண்டாவது ஆண்டிலேயே புதுத் தரையைப் பெயர்க்க வேண்டியதாயிற்று. அதன் பிறகு தொட்டி பழைய அங்கணத்துக்கே திரும்பி வந்துவிட்டது.

கடைசியாக ஒன்று. எதையும் இடிப்பதற்கு முன், புதிய மேடைகளின் கோட்டைத் தரையில் சுண்ணக்கட்டியால் வரைந்து, கோட்டுக்குள் கால் வைக்காமல் ஒரு வாரம் சமைத்துப் பாருங்கள். உங்கள் மாமியாரிடமும் உட்கார்ந்து பேசுங்கள். சுவரைத் தொடக்கூடாது என்று அவர் சொல்வதற்குக் காரணம் இருக்கலாம். எந்த மழையில் எந்த மூலை ஒழுகியது, எந்தக் கட்டையில் கரையான் ஏறியது, தூம்பு எந்தப் பக்கம் போகிறது என்பதெல்லாம் வரைபடம் இல்லாத வீட்டில் அவருக்கு மட்டுமே தெரிந்த செய்திகள்.

கேள்வி: எங்கள் சமையலறைச் சுவர் இடுப்பளவு உயரம் வரை உப்புப் பூத்து உதிர்கிறது. இரண்டு முறை சிமென்ட் பூசியும் நிற்கவில்லை. சுவர் முழுவதும் டைல்ஸ் ஒட்டிவிட்டால் மறைந்துவிடும் என்று கொத்தனார் சொல்கிறார். ஒட்டலாமா?
– ஒரு வாசகர், குகை

பதில்: மறைந்துவிடும் என்று அவர் சொன்னது சரி, நின்றுவிடும் என்று அவர் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். பழைய வீடுகளின் அடித்தளத்தில் ஈரத்தைத் தடுக்கும் அடுக்கு பெரும்பாலும் கிடையாது. நிலத்து ஈரம் செங்கல்லின் நுண்துளைகள் வழியே மேலேறும். ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரம் வரை வருவது சாதாரணம். சுண்ணாம்புக் காரை பூசிய சுவரில் அந்த ஈரம் பூச்சின் வழியே வெளியேறிக் காற்றில் காய்ந்துவிடும். அதன் மேல் சிமென்ட்டைப் பூசினால் வெளியேறும் வழி அடைபட்டு, ஈரத்துடன் வந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகிப் பூச்சையே தள்ளிவிடுகிறது. டைல்ஸ் ஒட்டினாலும் இதுவே நடக்கும்: ஈரம் டைல்ஸைத் தாண்டி மேலே ஏறி அங்கே பூக்கும், அல்லது டைல்ஸ் ஒவ்வொன்றாக உள்ளீடற்ற ஓசை கொடுத்துக் கழன்று விழும்.

ஆகவே முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். சுவரின் வெளிப்புறத்தில் சலதாரை உடைந்திருக்கிறதா, துணி துவைக்கும் கல் சுவரை ஒட்டி இருக்கிறதா, புறக்கடையை உயர்த்தி மண் நிரப்பியதில் வீட்டுத் தரையைவிட வெளித்தரை மேடாகிவிட்டதா? சேலத்தின் பழைய தெருக்களில் சாலையின் மேல் சாலை போட்டுப் போட்டு, வீடுகள் பள்ளத்துக்குப் போய்விட்டதும் ஒரு காரணம். இவற்றில் சரிசெய்யக் கூடியதைச் சரிசெய்துவிட்டு, சிமென்ட் பூச்சை உப்புக் கோட்டுக்கு மேல் ஓரடி வரை செதுக்கியெடுத்து, செங்கல்லைத் துடைப்பத்தால் உலர்வாகத் தேய்த்து உப்பை உதிர்த்து, வெயில் காலத்தில் இரண்டு மூன்று மாதம் திறந்தே போட்டுவையுங்கள். பிறகு சுண்ணாம்புக் கலவையையே பூசி, அதன் மேல் சுண்ணாம்பே அடியுங்கள். பளபளக்கும் பிளாஸ்டிக் பெயின்ட் வேண்டாம்.

டைல்ஸே கூடாது என்று நான் சொல்லவில்லை. அடுப்புக்கும் தொட்டிக்கும் பின்னால், மேடைக்கு மேல் 2 அடி உயரத்துக்கு ஒட்டிக்கொள்ளுங்கள்; எண்ணெயும் தண்ணீரும் தெறிப்பது அங்கேதான். அந்த உயரத்துக்கு நிலத்து ஈரமும் பெரும்பாலும் வருவதில்லை. மேடைக்குக் கீழுள்ள சுவரை அலமாரியின் பின்பலகையால் மூடாமல் விடுங்கள்.

கேள்வி: அலமாரிகளை பிளைவுட்டில் செய்வதா, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் செய்வதா? ஸ்டீல் என்றால் காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல சரக்கு என்கிறார்களே, உண்மையா?
– ஒரு வாசகர், சூரமங்கலம்

பதில்: இரும்பாலை இருக்கும் ஊரில் இருந்துகொண்டு இதைக் கேட்கிறீர்கள்! காந்தச் சோதனை பாதி உண்மை. 304 என்ற வகையில் ஏறக்குறைய 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கும். அதில் காந்தம் ஒட்டாது. ஆனால் நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்த 202 வகையிலும் காந்தம் ஒட்டாது. விலை குறைந்த அந்த வகை, உப்புத் தண்ணீரும் பிளீச்சிங் பவுடரும் தொடர்ந்து படும் இடத்தில் விரைவில் புள்ளி புள்ளியாகத் துருப்பிடிக்கும். நிக்கல் இல்லாத 430 வகையில்தான் காந்தம் ஒட்டும். ஆகவே காந்தம் ஒட்டவில்லை என்பதை மட்டும் வைத்து 304 என்று நம்பிவிடக் கூடாது. மாங்கனீசு கூடிய தகட்டில் நிறம் மாறிக் காட்டும் சோதனைத் திரவம் தகடு வெட்டும் பட்டறைகளில் இருக்கும். ஒரு சொட்டு விட்டுக் காட்டச் சொல்லுங்கள். சேலத்துத் தகடு என்ற பேச்சைக் கேட்டுத் திருப்தி அடையாமல், பில்லில் 304 என்று எழுதி வாங்குங்கள்.

தொட்டிக்கும் தொட்டியின் கீழ் அறைக்கும் ஸ்டீலே சிறந்தது. மற்ற அலமாரிகளுக்கு பிளைவுட் போதும், ஆனால் ஐ.எஸ். 710 முத்திரை உள்ள, கொதிநீர் தாங்கும் வகையாக இருக்க வேண்டும். மரத்தூளை அழுத்திச் செய்த பலகையைச் சமையலறைக்குள்ளேயே விடாதீர்கள். ஓரத்தில் ஒருமுறை தண்ணீர் புகுந்தால் அது ஊறவைத்த அவலைப் போல உப்பிவிடும். பழைய வீட்டில் கரையான் பயம் இருந்தால், மேடையின் கீழ் கடப்பாக் கல் தட்டுகளை நிறுத்தி, முன்னால் கதவு மட்டும் போட்டுக்கொள்ளும் பழைய முறையே மேல் என்பேன். கடப்பாக் கல்லை மேடையின் மேல்தளமாக மட்டும் போட வேண்டாம். அது சுண்ணாம்புக் கல் வகை. புளியும் எலுமிச்சையும் பட்ட இடம் வெளுத்துவிடும். மேல்தளத்துக்குக் கிரானைட்தான்.

கேள்வி: ஏற்காட்டில் எங்கள் தாத்தா காலத்து ஓட்டு வீட்டில் வசிக்கிறோம். விறகடுப்பை எடுத்துவிட்டு எரிவாயு அடுப்பு வைத்த பிறகு, மழைக்காலத்தில் சமையலறைச் சுவரெல்லாம் வியர்த்துப் பூசணம் பிடிக்கிறது. குளிருக்கு அஞ்சிச் சன்னலையும் ஓட்டுக்கடியில் இருந்த இடைவெளியையும் அடைத்துவிட்டோம். புகையில்லாத அடுப்பில் இது ஏன்? சிம்னி வைத்தால் போதுமா?
– ஒரு வாசகி, ஏற்காடு

பதில்: விறகடுப்பு செய்த நன்மையை நாம் கணக்கில் எடுப்பதில்லை. கண்ணைக் கரித்தாலும், அதன் சூடு புகைபோக்கி வழியே காற்றை மேலே இழுத்து ஈரத்தையும் உடன் கொண்டுபோயிற்று. சுவரும் நாள் முழுதும் கதகதப்பாக இருந்தது. எரிவாயுவில் புகை தெரியாது, ஆனால் அது எரியும்போது தண்ணீர் உண்டாகிறது: 1 கிலோ எரிவாயு எரிந்தால் ஏறக்குறைய ஒன்றரை கிலோ நீராவி வெளியாகும். 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று தீரும்போது 20 லிட்டருக்கு மேற்பட்ட தண்ணீர் உங்கள் சமையலறைக் காற்றில் கலந்திருக்கும். அதாவது ஒரு பெரிய குடம் நிறைந்து வழியும் அளவு. சோறும் குழம்பும் கொதிக்கும் ஆவி இதற்கு மேல். அதிலும் ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால், தண்ணீர் அங்கே 95 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். திறந்த பானையில் பருப்பு வேகக் கீழ்நாட்டைவிட நேரமாகும், அந்த நேரம் முழுதும் ஆவி கூடும். குளிர்ந்த சுவரில் பட்டதும் அது நீராகிறது. அந்த ஈரத்தில் பூசணம் வளர்கிறது.

எனவே முதல் வேலையாக, ஓட்டுக்கடியில் அடைத்த இடைவெளியைத் திறந்துவிடுங்கள். அணிலும் எலியும் வராமல் கம்பிவலை அடித்துக்கொள்ளலாம். கீழே ஒரு திறப்பும் அவசியம். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தங்கும். கதவின் அடியிலோ வெளிச்சுவரின் அடியிலோ வழி இல்லாத அறையில் சிலிண்டர் இருப்பது பூசணத்தைவிடப் பெரிய ஆபத்து. சிலிண்டரை நிமிர்த்தியே வையுங்கள். அடுப்பு அதைவிட உயரத்தில் இருக்கட்டும். ரப்பர் குழாய் ஒன்றரை மீட்டருக்கு மேல் வேண்டாம், ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். கசிவு வாடை வந்தால் அழைக்க வேண்டிய எண் 1906.

சிம்னி வைப்பதானால், வெளியே குழாய் விடும் வகையாக இருக்க வேண்டும். கரிவடிகட்டி மட்டும் வைத்து, காற்றை அறைக்குள்ளேயே திருப்பிவிடும் வகை எண்ணெய்ப் பிசுக்கை ஓரளவு பிடிக்கும். நீராவியை ஒரு சொட்டுகூடக் குறைக்காது. உங்கள் வீட்டில் பழைய புகைபோக்கி இடிக்கப்படாமல் இருந்தால், அதற்குள்ளேயே சிம்னிக் குழாயைச் செலுத்தலாம். ஓட்டைப் பிரிக்க வேண்டியதில்லை. அடுப்புக்கும் சிம்னிக்கும் இடையே 26 முதல் 30 அங்குலம் விடுங்கள். சிம்னிக்குச் செலவிட மனமில்லை என்றால், உயரத்தில் ஓர் எக்ஸாஸ்ட் விசிறி போதும். சமைத்து முடித்த பிறகும் கால் மணி நேரம் ஓடவிட வேண்டும். இதைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள்.

அலமாரிகளைச் சுவரோடு ஒட்டாமல் ஓர் அங்குலம் தள்ளி நிறுத்துங்கள்; தட்டுகளுக்கு முழுப் பலகைக்குப் பதில் இடைவெளி விட்ட சட்டங்களைப் போட்டால் காற்று ஓடும். உப்பும் காப்பித் தூளும் கட்டிப்படாமல் இருக்க இறுக்கமான மூடி உள்ள பாத்திரம் போதும், அதற்காக அறையையே மூட வேண்டாம். வெளிச்சம் குறைவென்றால் ஓட்டில் இரண்டு மூன்று கண்ணாடி ஓடுகளைச் செருகிக்கொள்ளுங்கள். கிரானைட்டை வாங்கும்போது மட்டும் நீளமான ஒரே பலகையாகக் கேட்காதீர்கள். 20 கொண்டை ஊசி வளைவுகளில் குலுங்கி வந்து, இறக்கும்போது இரண்டாகப் பிளந்ததைப் பார்த்திருக்கிறேன். 5 அடித் துண்டுகளாக வாங்கி, இணைப்பு அடுப்புக்கோ தொட்டிக்கோ நேராக வராமல் பார்த்துக்கொண்டால் போதும்.

கேள்வி: மாநகராட்சியின் நல்ல தண்ணீர் விட்டு விட்டுத்தான் வருகிறது, மற்ற நேரங்களில் போர் தண்ணீர்தான். இரண்டுக்கும் ஒரே தொட்டியில் எப்படி ஏற்பாடு செய்வது?
– ஒரு வாசகி, கிச்சிப்பாளையம்

பதில்: பாத்திரம் கழுவும் தொட்டியில் இரண்டு குழாய்கள் வையுங்கள், ஆனால் இரண்டையும் உள்ளே எங்கும் இணைக்காதீர்கள். ஒரு வால்வு பழுதானால் உப்புத் தண்ணீர் நல்ல தண்ணீர்க் குழாய்க்குள் போய்விடும். மேட்டூரிலிருந்து வரும் தண்ணீருக்குத் தனியாக ஒரு சிறிய மேல்தொட்டி, தனிக் குழாய், சமையலறையில் மட்டும் ஒரு திறப்பு. போர் தண்ணீர் பாத்திரம் துலக்க. குடங்களை வைக்க மேடையின் ஒரு முனையில் 18 அங்குல உயரத்தில் தாழ்ந்த திட்டு ஒன்றைக் கட்டி, அதற்கு நேர்மேலே நல்ல தண்ணீர்க் குழாயை நீட்டிவிட்டால், நிறைந்த குடத்தைத் தூக்கி இறக்க வேண்டியதில்லை. மாடுலர் படங்களில் குடம் வைக்க இடமே இருப்பதில்லை. அந்தப் படம் வரைந்தவர் வீட்டில் இருபத்து நாலு மணி நேரமும் தண்ணீர் வருகிறது போலும்.

கேள்வி: இன்டக்‌ஷன் அடுப்பைப் போட்டுக்கொண்டே மிக்சியை ஓட்டினால் பியூஸ் போகிறது. கனமான பியூஸ் கம்பி கட்டிவிடலாமா?
– ஒரு வாசகர், பொன்னம்மாப்பேட்டை

பதில்: வேண்டவே வேண்டாம். பியூஸ் தன் வேலையைச் செய்கிறது. கம்பியைக் கனமாக்கினால் அதற்குப் பதிலாகச் சுவருக்குள் இருக்கும் வயர் எரியும். 2,000 வாட் இன்டக்‌ஷன் அடுப்பு ஒன்றே ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். 750 வாட் மிக்சி மூன்றுக்கு மேல். பல்புக்கும் விசிறிக்கும் போட்ட பழைய வயர் இதைத் தாங்காது. மீட்டர்ப் பெட்டியிலிருந்து சமையலறைக்கு மட்டும் தனியாக 4 சதுர மில்லிமீட்டர் வயர் இழுத்து, 16 ஆம்பியர் பிளக்குகளை மேடைக்கு மேல் ஓரடி உயரத்தில், தொட்டியிலிருந்து விலக்கி வைக்கச் சொல்லுங்கள். மின்கசிவு ஏற்பட்டதும் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று கட்டாயம். எர்த் இருக்கிறதா என்றும் பாருங்கள். மரப்பட்டி வயரிங் செய்த காலத்து வீடுகளில் எர்த் கம்பி பிளக்கு வரை வராமலேயே இருக்கும்.

கேள்வி: கையில் உள்ள பணம் எல்லாவற்றுக்கும் போதாது. மாடுலர் அலமாரியை இப்போதே போட்டுவிட்டு மற்ற வேலைகளைப் பிறகு பார்க்கலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள். தங்கள் கருத்து என்ன?
– ஒரு வாசகர், செவ்வாய்ப்பேட்டை

பதில்: முறை நேர்மாறானது. கழிவுநீர்க் குழாய், சுவரின் ஈரம், மின்வயர், காற்றுப்போக்கு ஆகியவற்றை முதலில் முடியுங்கள். இவை பின்னால் நினைத்தால் மறுபடி உடைத்தாக வேண்டியவை. அடுத்து மேடையும் கிரானைட்டும். அலமாரிக் கதவுகள் ஓராண்டு கழித்து வந்தாலும் சமையல் நடக்கும். அதுவரை மேடைக்கு அடியில் ஒரு திரைச்சீலை தொங்கட்டும். அந்த ஓராண்டில் எந்தப் பாத்திரம் எங்கே இருக்க வேண்டும் என்பதும் உங்களுக்குத் தெரிந்துவிடும்.

விலை கேட்கும்போது அளவையைக் கவனியுங்கள். ஒரு கடை முகப்பின் சதுர அடிக்கு விலை சொல்லும். இன்னொன்று ஓடு அடிக்கு, அதாவது நீளத்தை மட்டும் அளந்து, சொல்லும். 10 அடி நீளம், இரண்டரை அடி உயரம் என்றால் முகப்பு 25 சதுர அடி; ஓடு அடியில் அது 10 மட்டுமே. ஒரே அளவையில் மாற்றி எழுதிப் பார்க்காமல் எது மலிவு என்று சொல்ல முடியாது. கீல், கைப்பிடி, உள்தட்டு, கம்பிக்கூடை ஆகியவை அந்த விலைக்குள் அடங்குமா என்பதையும், பழைய மேடையை இடித்த கல்லையும் மண்ணையும் அள்ளிப் போவது யார் பொறுப்பு என்பதையும் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். இரண்டாவதை எல்லாரும் விட்டுவிடுவார்கள். கடைசி நாளில் வாசலில் ஒரு வண்டி இடிபாடு கிடக்கும்.

கேள்வி: அடுப்பு அக்கினி மூலையில்தான் இருக்க வேண்டுமா? எங்கள் பழைய சமையலறை வடமேற்கில் இருக்கிறது.
– ஒரு வாசகி, கொண்டலாம்பட்டி

பதில்: வீட்டின் தென்கிழக்குக்கு அறையையே நகர்த்த முடியாது என்றால், அந்த அறைக்குள் தென்கிழக்கு மூலையில் அடுப்பை வைத்துக் கிழக்கு நோக்கிச் சமைக்கலாம் என்று மனையடி சாத்திரம் பார்ப்பவர்களே வழி சொல்லிவிடுகிறார்கள். நான் பார்ப்பது இரண்டுதான். அடுப்பு சன்னலுக்கு நேராக இருந்தால் காற்றில் தீ அலைந்து எரிவாயு வீணாகும். ஆகவே சன்னலிலிருந்து 2 அடியாவது விலகியிருக்கட்டும். மேற்குச் சுவரில் பெரிய சன்னல் வைத்தால், சேலத்துச் சித்திரை வெயில் மாலை நான்கு மணிக்கு அடுப்போடு போட்டி போடும். அங்கே சிறிய சன்னலும் வெளியே ஓரடி நீட்டிய சன்ஷேடும் போதும். வடக்குச் சுவர் காலியாக இருந்தால், பெரிய சன்னலை அங்கே வையுங்கள்.